கோடு விழாத முதல் தடவை

திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மேலே இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பரீட்சையா?" என்று கேட்டார். எனக்குப் புதிய ஆட்களிடம் பேச வராது. தலையை மட்டும் ஆட்டினேன். "இந்த வயசுலயும் படிக்கிறீங்களே" என்று பாராட்டி அனுப்பிவைத்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் இதே ஊரில், உறையூரில்.

தாள்கள் என் மகள் மலருடையவை. ஈப்போவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். இனத்தையும் நிறத்தையும் பேச்சையும் சொல்லி இணையத்தில் மனிதர்களைக் கேவலப்படுத்துகிறார்களே, அதை யார் எத்தனை தடவை பட்டார்கள், எவ்வளவு வலித்தது என்று அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் செய்திருக்கிறாள். எத்தனை தடவை என்பதற்குக் கோடு போட வேண்டும். வலிக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிழைத்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்களிடமும் கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். "அங்க சித்தி இருக்காங்க. நீ பொறந்த ஊரு. உன்கிட்டன்னா மனசு விட்டுப் பேசுவாங்கம்மா" என்றாள்.

அந்தத் தாளை முதன்முதலில் நிரப்பியவள் நான். எட்டுக் கேள்விகள். எட்டுக்கும் 'ஒரு தடவையும் இல்லை' என்று சொன்னேன். அது பொய். இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு நான் முறுக்கு சுற்றுவதை மலர் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டாள். பாராட்டி எழுதியவர்கள்தான் அதிகம். நடுவில் நாலைந்து பேர் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மலாய் எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். மெதுவாகத்தான் வரும், ஆனாலும் படித்துவிட்டேன். மலரிடம் சொல்லவில்லை. சொன்னால், படத்தைப் போட்டது தன் தப்பு என்று உட்கார்ந்து அழுவாள்.

அந்தப் பொய்யோடுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் என் தங்கை வசந்தாவின் வீடு. ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஏன்க்கா இப்படிக் கறுத்துட்ட?" இரண்டாவது, "அங்க சோறே போடலையா?" பிறகுதான் கட்டிக்கொண்டாள். அவள் கணவர் கோவிந்தராஜ் பெட்டியை வாங்கிக்கொண்டே, "மலர் கேள்வியில இதுவும் வருமாக்கா? முதல் கோடு உங்க தங்கச்சி பேருக்கே போட்டுடலாமா?" என்று கேட்டார். "ஆமா, இவரு எலுமிச்சம்பழக் கலரு" என்றாள் வசந்தா.

மதியம் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கட்டித் தயிர். நாலு மணிக்கு டபராவில் காப்பி வந்தது. மணமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வாய் குடித்ததும் ஈப்போ ஞாபகம் வந்துவிட்டது. அங்கே எங்கள் வீட்டுக்குக் கீழே கோப்பிக் கடையில் சீனத்துப் பெரியவர் கெட்டிப் பால் ஊற்றிக் கலக்குவார். எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை முடிந்து வரும்போது அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு வருவார். ஐம்பது வருடமாக அங்கே உட்கார்ந்து திருச்சிக் காப்பிக்கு ஏங்கினேன். திருச்சிக்கு வந்து அரை நாள் ஆகவில்லை, அந்தப் பைக் கோப்பிக்கு நாக்கு ஏங்குகிறது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

மறுநாள் காலையில், படித்த பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் தனியாகவே பஸ் ஏறினேன். வசந்தா ஒன்றாம் நம்பரில் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறச் சொல்லியிருந்தாள். கண்டக்டர் வந்ததும் ரூபாய் நோட்டை நீட்டினேன். "பொம்பளைங்களுக்கு ஃப்ரீம்மா. உள்ள வைங்க" என்றார். இந்த ஊர்ப் பெண்களுக்குத்தானே அது, நான் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவளாயிற்றே என்று எனக்குச் சங்கடம். மெல்லிய குரலில், "நான் மலேசியாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளைதானே நீங்க?" "ஆமாங்க." "அப்ப உக்காருங்க." பஸ்ஸே சிரித்தது. வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காவிரிப் பாலம் வந்தது, மலைக்கோட்டை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சத்திரத்தை விட்டுவிட்டு ஜங்ஷனில் போய் இறங்கினேன்.

இறங்கியதும் தப்பாகத் தோன்றவில்லை. இந்த ஜங்ஷனில்தான், கல்யாணம் முடிந்த மாதம், கப்பலேறுவதற்காக நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நூர்ஜஹான் அவள் அத்தாவோடு வழியனுப்ப வந்திருந்தாள். "கடிதாசி போடுடி, ஊமைச்சி" என்றாள். போட்டேன். நீலத் தாளில் பதினைந்து வருடம் போட்டோம். பிறகு அவள் குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போனாள். விலாசம் தவறிவிட்டது. ஊர் திரும்பிப் பாலக்கரையில் இருக்கிறாள் என்று வசந்தாதான் விசாரித்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தை அன்று பார்க்கவில்லை.

சாயங்காலம் கேள்வி கேட்கும் வேலை ஆரம்பித்தது. நான் கேட்டால் எனக்கே கேட்காது. அதனால் கோவிந்தராஜ் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் நாற்பது வருடம் நெல் அளந்தவர். "அளக்கிற வேலையா? எங்கிட்ட விடுங்க" என்று பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். நான் தாளைப் பார்த்துப் படிப்பது, அவர் கோடு போடுவது என்று முடிவாயிற்று.

சித்திரை வீதியில் ரங்கராஜன் மாமா என்று ஒருவர். அமெரிக்காவில் மகன் வீட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். "வாங்கோ, உக்காருங்கோ. பெருமாள் கிருபையில அடியேனுக்கு ஒரு கொறையும் கெடையாது. கேளுங்கோ" என்றார். ஆறாவது கேள்வியில் கொஞ்சம் யோசித்தார். மகன் இணையத்தில் போட்ட குடும்பப் படத்தில் இவர் நாமத்தைப் பார்த்து யாரோ ஒருவன், இந்தக் கிழவன் நெற்றியில் ஏன் முள்கரண்டியைச் சொருகியிருக்கிறான், வந்த நாட்டுக்கே போய்ச் சாப்பிடட்டும் என்று எழுதினானாம். "பேத்தி படிச்சுக் காட்டினா. ஒரே ஒரு வாட்டிதான். சிரிச்சுட்டேன். அப்புறம் ஒரு மாசம் வாக்கிங் போறச்சே தொப்பி போட்டுண்டு போனேன்." மாமி உள்ளேயிருந்து, "ஒரு மாசமா? ஊருக்குத் திரும்பற வரைக்கும் அந்தத் தொப்பிதான்" என்றாள். வலி எத்தனை என்று கேட்டதற்கு மாமா, "அதெல்லாம் எதுக்கு" என்று கையை அசைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மண்ணச்சநல்லூர். கோவிந்தராஜின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். கொள்ளிடம் பாலத்தின் பாதியில் டயர் பஞ்சர். வெயில் மண்டையைப் பிளந்தது. பாலம் முழுக்க அவர் தள்ள, நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "சாமி ஊர்வலமா பெருசு, குடையெல்லாம் பலமா இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அங்கே சின்னச்சாமி என்பவரைப் பார்த்தோம். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தவர். எதிரே உட்கார்ந்ததும் மோர் கொடுத்தார். தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மரத்தடியில் புல்லில் படுத்துத் தூங்கியிருக்கிறார். யாரோ படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். கீழே நாற்றம் என்றும் கறுப்பு என்றும் இன்னும் என்னென்னவோ. கூட வேலை பார்த்தவர்கள் காட்டினார்களாம்.

"ஒரு தடவைதாங்க. அதுக்கப்புறம் மத்தியானம் நான் படுக்கிறதில்ல. உக்காந்தே இருப்பேன்." மோர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, "ஆனா அந்தப் படத்துல எவ்வளவு நல்லா தூங்கறேன் தெரியுங்களா? வீட்டுல கூட நான் அப்படித் தூங்கினதில்ல" என்றார்.

இன்னும் சில வீடுகளுக்கும் போனோம். சிலர் அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்றார்கள். சிலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னார்கள். திரும்பும் வழியில் சூடான பருப்பு வடை வாங்கிக் கொடுத்தார் கோவிந்தராஜ். நான் சின்னச்சாமியின் தூக்கத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவைதான் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

தாள்களை வசந்தா போனில் படமெடுத்து அனுப்பினாள். நான்காம் நாள் காலை, இட்லி வெந்துகொண்டிருக்கும்போது மலர் கூப்பிட்டாள். குரல் சோர்ந்திருந்தது.

"அம்மா, பாதித் தாள்ல ஒரு கோடு கூட இல்லம்மா. மத்ததுலயும் ஒண்ணு ரெண்டுதான். வயசானவங்களுக்கு இது படறதே இல்ல போல. உன் தாளும் அப்படித்தான் இருந்துச்சு. பெரியவங்க பகுதியையே எடுத்துடுன்னு எங்க மேடம் முதல்லயே சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா இருந்தேன். நாளைக்குள்ள முடிவு சொல்லணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரங்கராஜன் மாமாவின் தொப்பியும் சின்னச்சாமியின் புல்தரையும் எங்கே போயின? கோவிந்தராஜ் போட்ட கோட்டைக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தாளைப் பற்றிப் பேசவும் வாய் வரவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து வசந்தா, "முக்கொம்பு போலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஜீயபுரம் வழியாக, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். பஸ்ஸில் ஒரு பெண் மற்றவளிடம், "எதிர்வீட்டுக்காரி அவ மாமியாரு யூடியூப் சேனல்ல என் மாமியாரையும் சேத்து வச்சிருக்கா, வீட்டுல நடக்கறது பூரா அதுல வந்துடுது" என்று புலம்பிக்கொண்டு வந்தாள்.

அணைக்கட்டில் மீன் வறுத்து இலையில் வைத்துக் கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் எங்க வீட்டுக்காரர் என்னை அழைத்துக்கொண்டு வந்த ஒரே இடம் இது. அன்றும் மீன் வாங்கினார். நான் தலை நிமிராமலே தின்றேன். "ஈப்போவிலயும் ஆறு இருக்கு. ஆனா இவ்வளவு அகலம் இல்ல" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

ஈப்போவுக்குப் போன புதிதில் பஸ்ஸில் ஒரு ஆள் என்னை அந்த ஒரு சொல்லால் கூப்பிட்டான். எங்களவர்களைக் கேவலப்படுத்த அங்கே சிலர் சொல்லுவது. அதை இங்கே எழுத மாட்டேன். எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அதற்குள் முன் வரிசையில் இருந்த மலாய் அம்மாள் ஒருவர் அவனைத் திட்டிய திட்டில் அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அந்த அம்மாள் பிறகு எங்கள் மாடிக்கே குடிவந்தார். மலர் பிறந்தபோது என் தலைக்கு எண்ணெய் வைத்தவர் அவர். அந்தக் காலத்தில் திட்டியவனுக்கு ஒரு முகம் இருந்தது. தடுத்தவருக்கும் முகம் இருந்தது. முறுக்குப் படத்துக்குக் கீழே எழுதியவர்களுக்குப் பூவும் பூனையும்தான் முகம்.

இலையில் மீன் ஆறிப்போயிற்று. "தின்னுக்கா" என்றாள் வசந்தா.

ஐந்தாம் நாள் பாலக்கரைக்குப் போனோம். சந்துக்குள் மாடி வீடு. படியேறும்போதே மேலிருந்து குரல் வந்தது. "யாருடி அது, ஊமைச்சியா?" நூர்ஜஹானுக்கு முழங்கால் போய்விட்டது, குரல் போகவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, விடாமல் வைத்துக்கொண்டாள். அவள் அத்தா மௌத்தாகி அடக்கமானது, குவைத்தில் சமைத்தே மகள்களைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் சொன்னாள். இடையிடையே, "இவ இன்னும் வாயில கொழுக்கட்டையைத்தான் வச்சிருக்கா" என்று கோவிந்தராஜிடம் குறை சொன்னாள். தேங்காய்ப்பால் சோறும் கறிக்குழம்பும் போட்டாள். நான் மீனைத் தவிர வேறு கறி தொடமாட்டேன் என்று வசந்தா சொல்லி அனுப்பியிருந்ததைக் கேட்டுச் சிரித்தாள். "அஞ்சாங்கிளாஸ்ல என் டப்பாவைக் காலி பண்ணினவ இவ."

கேள்விக்கு வந்தோம். அவள் ஒளிக்கவில்லை. "ரெண்டு, எழுதிக்குங்க. ஒண்ணு, அங்க வேலை பாத்த வீட்டுப் புள்ளைங்க நான் அரபி பேசறதைப் படமெடுத்து, கறுப்புக் கிளி பேசுதுன்னு போட்டுச்சுங்க. நான் வளத்த புள்ளைங்க. இன்னொண்ணு, இங்க வந்தப்புறம். சமையல் குரூப்புல ஒரு குறிப்பு போட்டேன். வேலைக்காரிக்கெல்லாம் இங்க என்ன வேலைன்னு ஒருத்தி. வலி எத்தனையா? முதலாவதுக்கு அஞ்சு. ரெண்டாவதுக்கு ஒண்ணு கூட வேணாம், அவ கெடக்கறா."

கோவிந்தராஜ் தாளை மடிக்கப் போனார். நூர்ஜஹான் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டு சொன்னேன். ஒரு கோடுதானே இருக்கு?"

"சரியாத்தான்மா இருக்கு. முதல்ல சொன்னது லாபம்."

"என்னது?"

அவர் ஆலைக் கணக்கை விளக்கினார். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, அவர்கள் களத்தில் லாபத்துக்குக் கோடும் கிடையாது என்பது. இரண்டாவது மரக்காலில் இருந்துதான் கோடு. கடைசியில் எண்ணுகிறவர் தானாகவே ஒன்று கூட்டிக்கொள்வார்.

"என்னைக் கறுப்புக் கிளின்னது உங்களுக்கு லாபமாண்ணே?" என்றாள் நூர்ஜஹான்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வாயால சொல்லலம்மா. கை தானா அப்படிப் போகுது. நாப்பது வருசப் பழக்கம். மலரு ஒண்ணு கூட்டிக்கும்னு நெனச்சேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே ஒரு தடவை பட்டவர்கள் எல்லாரும் எங்கள் தாளில் படாதவர்களாகிவிட்டார்கள். கோடு இல்லாத இடத்தில் வலிக்கும் எண் விழவில்லை. உண்மையிலேயே எதுவும் நடக்காதவர்களின் தாளும் வெறுமை, சின்னச்சாமியின் தாளும் வெறுமை.

"மலருக்குப் போன் போடுங்க தம்பி" என்றேன். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது நூர்ஜஹான் என் பக்கம் திரும்பினாள். "உன் தாளு எங்கடி?"

"ஈப்போவில."

"எத்தனை கோடு?"

"இல்லை."

"இல்லையா?" என் கையை இன்னும் அவள் விடவில்லை. "டீச்சர் அடிச்சப்பகூட வலிக்கலைன்னு சொன்னவதானே நீ."

"ஒரே ஒரு தடவைதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. கோவிந்தராஜ் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் மறுமுனையில் மலர், "சொல்லுங்க சித்தப்பா, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை வாங்கினேன். முதலில் கோட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரியவர்கள் பகுதியை எடுத்துவிட வேண்டாம், எல்லார் வீட்டுக்கும் மறுபடி போய்க் கேட்டு அனுப்புகிறோம் என்றேன். அவள் சந்தோஷத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"அப்புறம், என் தாளை எடு. மூணாவது கேள்விக்கு ஒரு கோடு போடு."

அவள் தாள் எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

"முறுக்கு வீடியோவாம்மா?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"நான் அழிச்சிட்டேனேம்மா. நீ கோயிலுக்குப் போயிருந்தப்பவே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நீ பாக்கலைன்னுதான் இத்தனை நாளா..."

"அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அதுலேர்ந்துதான் பலகாரம் செய்யும்போது கையில பிளாஸ்டிக் உறை மாட்டிக்கிறியா? எண்ணெய் தெறிக்குதுன்னு சொன்ன" என்றாள்.

"இந்தக் கையால செஞ்சதை எவன் தின்பான்னு எழுதியிருந்தாங்க. மேல் வீடு, பக்கத்து வீடு எல்லாத்துக்கும் குடுக்கிறோமே. அவங்களுக்கும் அப்படித் தோணுமோன்னு பயமா இருந்துச்சு."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. இதற்குப் பயந்துதான் இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தேன். ஆனால் அவள் அழுதுகொண்டே பேனாவை எடுத்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள, எவ்வளவு வலிச்சதும்மா?"

நூர்ஜஹான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு" என்றேன்.

"போட்டுட்டேம்மா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மண்ணச்சநல்லூருக்குக் கிளம்பினோம். வாசலில் எங்களைப் பார்த்ததும் சின்னச்சாமி, "மூணு நாளு முன்னாடிதானேங்க வந்தீங்க, மறுபடியுமா?" என்றார். வழக்கமாகக் கோவிந்தராஜ்தான் பதில் சொல்லுவார். அன்று நான் சொன்னேன். "அய்யா, அந்தப் புல்தரையில தூங்கின விஷயம். அதை நாங்க எழுதாம விட்டுட்டோம். இன்னொரு தடவை சொல்லுங்க. எவ்வளவு வலிச்சதுங்கறதையும் சொல்லுங்க."

அவர் துண்டால் பெஞ்சைத் துடைத்து எங்களை உட்காரச் சொன்னார். கோவிந்தராஜ் பேனாவைத் திறந்தார். சின்னச்சாமி பேச்சைத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.